சோமுவுக்குச் சங்கீதம் தெரியும் என்று எழுதியவள்

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு முயல் என்னைக் கடித்தது.

சிரிக்காதீர்கள். நாய் கடித்தால் நாலு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு விசாரிக்க வருவார்கள். பூனை பிராண்டினால்கூட ஒரு மரியாதை உண்டு. முயல் கடித்தது என்று சொல்லிப் பாருங்கள்... எதிர்வீட்டு மாமி என் விரல் கட்டைப் பார்த்துவிட்டு, "முயலா? அதுக்குக் கடிக்கத் தெரியுமா? நீங்க அதை என்ன பண்ணினேள்?" என்று கேட்டாள்.

நான் என்ன பண்ணினேனாம்! அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடிபட்டவள் நான். வலது கை ஆள்காட்டி விரல் — வாராவாரம் உங்களுக்காகப் பேனா பிடிக்கிற விரல். அதில் பல் பதிந்திருக்கிறது. கேள்வி என்னிடமா?

இப்போது சொல்கிறேன். அந்த மாமி கேட்டதுதான் சரியான கேள்வி.

அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு இத்தனை வாரம் ஆயிற்று. நடுவில் இந்தப் பக்கத்தில் துலா மாத மழையைப் பற்றி எழுதினேன். தம்பானூரில் பஸ் பிடிப்பதைப் பற்றி எழுதினேன். போன வாரம், வெட்கக்கேடு, குக்கர் கேஸ்கெட்டைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். நீங்களும் படித்தீர்கள், பாவம். ஆனால் கேஸ்கெட்டைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? எல்லோரும் ஒரே கேள்வி: "சோமு எப்படி இருக்கிறான்? இப்போது என்ன ராகம் கேட்கிறான்?"

ஒவ்வொரு தடவை அந்தக் கேள்வி வந்து விழும்போதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். எத்தனை நாள்தான் கவிழ்ப்பது? சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு முன்கதை. சோமு ஒரு முயல். என் மருமகள் பிருந்தாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவன்.

கல்யாணப் பேச்சின்போதே திருநெல்வேலியில் சம்பந்தியம்மாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "பிருந்தாவோட சோமுவும் வருவான்... உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" யார் இந்தச் சோமு? தம்பியா? ஒன்றுவிட்ட மாமாவா? கடைசியில் போனில் போட்டோ காட்டினார்கள். வெள்ளை உடம்பு, காது நுனி மட்டும் காப்பிப் பொடி நிறம். சந்திரனில் முயல் இருக்கிறது, சந்திரனுக்குச் சோமன் என்று பெயர், ஆகவே சோமு. சென்னையில் வேலை பார்த்தபோது பி.ஜி. அறையில் வாங்கி வளர்த்தாளாம்.

"தாராளமா வரட்டும்!" என்றேன். நான் நல்ல மாமியார். இது ஊர் சொன்னதில்லை. இந்தப் பத்தியில் நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

பிள்ளை ஹரிக்கு வேலை கொச்சியில். வாரக்கடைசியில்தான் கரமனையில் எங்கள் வீட்டுக்கு வருவான். பிருந்தாவுக்கு இங்கே ஐ.டி. கம்பெனி வேலை கிடைத்துவிட்டதால் அவள் எங்களோடு. யோசித்துப் பாருங்கள்... தெரியாத ஊர். கடைக்குப் போனால் மலையாளம். வீட்டுக்கு வந்தால், முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் இருந்து சூப்பரண்டாக ரிடையரான ஒரு மாமியார். பேசிச் சிரிக்க அவளுக்கு இருந்தது அந்த முயல்தான். ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் முன்னாலேயே "சோமூ..." என்பாள். அவன் எங்கிருந்தாலும் ஓடிவந்து அவள் காலைச் சுற்றி வட்டம் போடுவான்.

எனக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை.

நவராத்திரி வந்தது. புது மருமகள் வந்த வருஷத்துக் கொலு. ஏழு படி. பக்கவாட்டில் வழக்கம்போல் ஒரு பார்க். கடுகு முளைக்கப் போட்டுப் புல்தரை, கண்ணாடித் துண்டில் குளம், பிளாஸ்டிக் வேலி. வருஷா வருஷம் அந்தப் பார்க்கில் ஒரு பீங்கான் முயலை வைப்பேன். இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை உதித்தது. நிஜ முயல் வீட்டில் இருக்கும்போது பீங்கான் எதற்கு?

தெருவில் யார் வீட்டுக் கொலுவில் உயிருள்ள முயல் இருக்கிறது, சொல்லுங்கள்!

ஆனால் ஒரு சிக்கல். கலசம் வைத்திருக்கிற அறை. மடி. எங்கள் வீட்டில் கொலு முடியும்வரை குளிக்காமல் அந்த அறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. சோமுவோ கட்டில் அடியிலும் செருப்பு ஸ்டாண்டிலும் புரண்டு வருகிறவன். ஆகவே முதல் நாள் காலையில் உத்தரவு போட்டேன்: "பிருந்தா, சோமுவைக் குளிப்பாட்டிக் கொண்டு வா."

அவள் ஈரத் துணியால் அவனைத் துடைத்து எடுத்து வந்தாள்.

"இதென்ன, மேஜை துடைக்கற மாதிரி? தலைக்கு விடாம என்ன குளியல்?" என்றேன்.

அப்போது அவள் சொன்னாள். ஒரே ஒரு முறை சொன்னாள். "முயலைக் குளிப்பாட்டப்படாதும்மா... அதுக்கு ஆகாது."

"எல்லாம் ஆகும். வெந்நீர்தானே?" என்று பித்தளைச் சொம்பை எடுத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். நான் ஊற்றினேன். தலையில். இரண்டு காதும் நனைய.

ஹிண்டுவில் — மன்னிக்கவும், எந்தப் பேப்பர் என்பது முக்கியமில்லை — பேப்பரில் முகம் புதைத்திருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "கொலு பார்க்க வரவா எல்லாம் பஸ்ல இடிபட்டு நேரா உள்ள வரா. அவாளையும் உட்கார்த்தி வெச்சுத் தலைக்கு ஊத்துவியா?"

"நீங்க பேசாம இருங்கோ."

"சரிதான். நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால். நான் என்னத்தச் சொல்றது?" என்று பேப்பருக்குள் திரும்பப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் குளியல். அவள் பிடிக்க, நான் ஊற்ற. நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. பிறகு பார்க்கில் கொண்டுபோய் விடுவது. சோமு ஹிட்! வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் சுண்டலைக்கூட மறந்தார்கள். ஒவ்வொருத்தியும் தூக்கி மடியில் வைத்து ஒரு செல்ஃபி. "கொள்ளாமே மாமி, சுந்தரக்குட்டன்!" என்று மலையாளத்தில் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பாதி நவராத்திரியில்தான் அந்த அதிசயம் நடந்தது. யாராவது பாட ஆரம்பித்தால் சோமு பின்னங்காலால் தரையில் தொம் என்று ஒரு தட்டுத் தட்டுவான். பிறகு அதே காலால் காதோரம் டகடகவென்று சொறிவான். "தாளம் போடறான், பாருங்கோ!" என்றேன் நான். எல்லோரும் கை கொட்டினார்கள். சரஸ்வதி பூஜை சமயத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். மூன்றாவது தெருப் பெண் ஒருத்தி கல்யாணி ராகம் பாடினாள். சோமு தலையைச் சாய்த்து, அசையாமல், கண்ணை அரைவாசி மூடி... அப்படியே உருகுகிறான்!

விடுவேனா? எழுதினேன். இதே பக்கத்தில். ‘எங்கள் வீட்டு ரசிகர்’ என்று தலைப்புப் போட்டேன். மனிதர்கள் கச்சேரியில் போன் நோண்டுகிறார்கள், என் முயல் தலையாட்டி ரசிக்கிறது என்று உங்களுக்கெல்லாம் ஒரு குட்டுக்கூட வைத்தேன். நீங்கள் குட்டு வாங்கிக்கொண்டு கொண்டாடினீர்கள். இத்தனை வருஷத்தில் எந்தப் பத்திக்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை.

கொலுப் படி இறக்கிய பிறகு சோமு மாறிப்போனான்.

பிருந்தா கூப்பிட்டால் ஓடிவருகிறவன் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கையில் கொடுத்த கொத்தமல்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினான். தொடப் போனால் உறுமினான். முயல் உறுமும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் சமையலறையில் சொம்பை ‘ணங்’கென்று வைத்தால் போதும், உள்ளே அறையிலிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம். "பாரேன், இப்பவும் தாளம்!" என்று சிரித்தேன்.

பிருந்தா சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்டக் காட்டலாமாம்மா?" என்றாள்.

"ஊர்க் கண்ணே அவன் மேலதானே இருந்தது? திருஷ்டியாக்கும் இது," என்றேன். உப்பும் மிளகாயும் கடுகும் எடுத்து அவனைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நல்ல நெடி. வீடு முழுக்க இருமல். எவ்வளவு நெடியோ அவ்வளவு திருஷ்டி என்று எனக்குப் பரம திருப்தி. பீரோவுக்குப் பின்னால் இருந்த ஜீவனுக்கு என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள்தான் கடி. வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளிக்குக் காட்டுவதற்காக — ஆமாம், அப்போதும் காட்டுவதற்காகத்தான் — அவனை பீரோவுக்குப் பின்னாலிருந்து இழுத்தேன். கடித்தான். இறக்கிவிட்டேன். இரண்டு எட்டு வைத்தான்... அப்படியே ஒரு பக்கமாக உருண்டான். எழுந்தான். திரும்ப உருண்டான். தலை இப்போது சாய்ந்திருக்கவில்லை, திருகியிருந்தது.

பிருந்தா வந்து பார்த்தாள். துண்டில் அவனைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓட்டோவைக் கைகாட்டினாள். நான் விரலில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

வெட்டினரி கிளினிக்கில் நல்ல கூட்டம். எங்களுக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. என்னையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அம்மா, நீங்கதான பத்தி எழுதுறது? போட்டோவுல பாத்திருக்கேன். நமக்குச் சாலை பஜார்ல அரிசிக் கடை. வாராவாரம் எங்க வீட்டுல உங்களத்தான் மொதல்ல வாசிப்போம்லா!" துண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அய்யோ, இதுதான் அந்தப் பாட்டுக் கேக்குற முயலா? எங்க வீட்டம்மா அத வாசிச்சிட்டு எத்தன பேருக்கு அனுப்பினா தெரியுமா?"

அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியது. மறைக்க மாட்டேன். முயல் துண்டுக்குள் உருளப் பார்க்கிறது, பிருந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு அதை அழுத்திப் பிடித்திருக்கிறாள்... எனக்கு ஒரு வாசகரைச் சந்தித்த சந்தோஷம்.

டாக்டர் சின்னப் பெண். மலையாளி. எங்களை வாசலுக்கு அருகிலிருந்த மேஜைக்குக் கூப்பிட்டாள். கதவு திறந்தே கிடந்தது. சோமுவின் காதைத் தூக்கி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவனை குளிப்பிச்சோ?"

நான் விரலில் சுற்றிய கர்ச்சீப்பை இறுக்கினேன்.

"முயலினெ குளிப்பிக்கான் பாடில்ல. ஆரா இதின்றெ தலையில் வெள்ளம் ஒழிச்சது?"

முயலைக் குளிப்பாட்டவே கூடாதாம்; தலையில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்கிறாள். நல்ல உரத்த குரல். வெளியே அரிசிக் கடைக்காரர் உட்பட அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஞானா, டாக்டர்," என்றாள் பிருந்தா.

நான்தான், டாக்டர். நான் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த மலையாளத்தில் சொன்னாள்.

டாக்டர் அவளைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். காதுக்குள் தண்ணீர் போய், சீழ் பிடித்து, உட்காது வரைக்கும் போயிருக்கிறது. தலை சாய்ந்தது தலை சுற்றியதால். காதைச் சொறிந்தது வலியால். தரையைக் காலால் தட்டுவது பயத்தால்; ஆபத்து வருகிறது என்று முயல் போடுகிற சத்தம் அது. முயல் லேசில் வலியை வெளியே காட்டாது, காட்டினால் காட்டில் அதைப் பிடித்துத் தின்ன எவனாவது காத்திருப்பான். அடங்கின முயல் ஒன்று திடீரென்று கடிக்கிறது என்றால் அதற்குக் குணம் கெட்டுப்போகவில்லை, பொறுக்கிற அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். இப்படியெல்லாம் சொன்னாள். எல்லாம் பிருந்தாவைப் பார்த்து.

‘இல்லை டாக்டர், நான்தான் ஊற்றினேன்.’ சொல்வதற்கு என்ன கஷ்டம்? வாயைத் திறந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் வாசகர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், பிழைச்சுடுமா?" என்றுதான் வாயில் வந்தது.

"தின்ன ஆரம்பித்தால் பிழைக்கும். தின்னாத முயல் தாங்காது. தலை நேராகுமா என்று இப்போது சொல்ல முடியாது," என்றாள்.

வெளியே வந்தபோது அரிசிக் கடைக்காரர் எழுந்து நின்றார். பிருந்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "என்னம்மா நீ... படிச்ச பிள்ள மாதிரி இருக்க. வாயில்லா ஜீவனப் போயி இப்படியா செய்யுறது? ஒங்க அத்தை அத எவ்வளவு ஆசையா எழுதியிருக்காங்க! பாரு, அவங்களுக்கு முகமே செத்துப்போச்சு."

அவள் தலை குனிந்துகொண்டாள். நான்? ஓட்டோ கிடைக்கிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

கிள்ளிப்பாலம் தாண்டின பிறகுதான் குரல் வந்தது. "ஏன்டி அப்படிச் சொன்னே?"

அவள் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த மாமா உங்களையே பார்த்துண்டிருந்தார்மா. உங்களுக்கு அசிங்கமாயிடுமேன்னு..."

ஐம்பத்தெட்டு வயசில், ஓடுகிற ஓட்டோவில், இவ்வளவு கூனிக் குறுகுவேன் என்று நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நீட்டவில்லை. பிருந்தா லீவு போட்டாள். மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி உதட்டோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊறவைத்து அரைத்த தீவனத்தையும் அப்படியே. விழாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி சுருட்டி முட்டுக் கொடுத்தாள். நான் வாசற்படியில் நிற்பேன். உள்ளே போகமாட்டேன். போனால் அந்த நிலைமையிலும் அவன் பின்னங்கால் தரையைத் தட்டப் பார்த்தது. பித்தளைச் சொம்பை எடுத்துப் பரணில் போட்டேன். அதன் சத்தம் கேட்டால் அவனுக்கு எப்படியோ தெரியாது, எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. தெருவில் வெடித்தார்கள். அவள் இரண்டு உள்ளங்கையாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு காலை. "அம்மா! சீக்கிரம் வாங்கோளேன்!" என்று கத்தினாள். ஓடினேன். தரையைக் காட்டினாள். உருண்டையாக, மிளகு மாதிரி, நாலைந்து புழுக்கை. தின்றது உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. குடல் ஓடுகிறது. பிழைத்துவிட்டான்! அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கலசம் இருந்த அதே அறை. மடி மடி என்று நான் குதித்த அதே தரை. அந்தப் புழுக்கையைப் பார்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக்கில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார், அது அபூர்வம்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? அந்தக் குழந்தை திட்டு வாங்கினது நாலு பேருக்கு முன்னாடி. சமையல் உள்ளுக்குள்ள என்கிட்டச் சொன்னா மதியோ?"

மதியாகாது, போதாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மழையையும் பஸ்ஸையும் கேஸ்கெட்டையும் சுற்றி வந்து, கடைசியில் இன்றைக்கு.

சாலை அரிசிக் கடை அண்ணாச்சி, படிக்கிறீர்களா? வீட்டம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் திட்டியிருக்க வேண்டியது அந்தப் பெண்ணை இல்லை. அவள் பக்கத்தில், முகம் செத்து, பேசாமல் நின்றாளே... அவளை. சோமுவுக்குக் கல்யாணியும் தெரியாது, தாளமும் தெரியாது. அவன் வலியில் இருந்தான். நான் அதைப் பாட்டு என்று சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் முயலோ பூனையோ கிளியோ இருந்து, ஒருநாள் திடீரென்று குணம் மாறினால் — சாப்பிடாமல் இருந்தால், ஒளிந்தால், கடித்தால் — திருஷ்டி கழிக்காதீர்கள். முறைக்காதீர்கள். முக்கியமாக, பத்தி எழுதாதீர்கள். டாக்டரிடம் போங்கள். அதற்கும் முன்னால், அதை வளர்த்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்றுச் சாயங்காலம் பிருந்தாவிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்தை அச்சுக்கு முன் இன்னொருவரிடம் கொடுக்கிறேன். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படித்தாள். மடியில் சோமு. உருளுவதெல்லாம் நின்றுவிட்டது. தலை மட்டும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. இனி அது அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

படித்து முடித்து, "நன்னா இருக்கும்மா," என்றாள்.

"நன்னா இருக்கறது கிடக்கட்டும். தப்பு ஏதாவது இருந்தாச் சொல்லு."

அவள் சோமுவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒரே ஒரு முறை சொன்னாள்னு எழுதியிருக்கேள்..."

"ஆமா. மொத நாள் சொன்னியே? குளிப்பாட்டப்படாதுன்னு."

"அதுக்கப்புறமும் சொன்னேன்மா. சரஸ்வதி பூஜையன்னிக்குச் சொன்னேன், அவன் காதைச் சொறியறது சரியில்லைன்னு. நீங்க போன்ல இருந்தேள். ம், ம்னேள்." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அப்புறம் நீங்க அந்தப் பத்தியை எழுதிண்டிருந்தேளே, அப்போ வந்து சொன்னேன். அவன் தலை சாயறது பாட்டுக்கு இல்லைம்மா, எனக்குப் பயமா இருக்குன்னு. ‘எழுதறச்சே பேசாதே’ன்னுட்டேள்."

நான் யோசித்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன். முதல் முறை மட்டும்தான் நினைவிருக்கிறது. மற்ற இரண்டும் சத்தியமாக எனக்கு நினைவே இல்லை.

மேலே ‘ஒரே ஒரு முறை’ என்று எழுதியிருப்பதை நான் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்... என் காதின் லட்சணம் உங்களுக்கும் தெரிய வேண்டாமா?